காப்புக் கட்டிய ஊரில் குவைத்து வடை

கருக்களாச்சேரியில் ஃபலாஃபல் என்ற வார்த்தையை முதன்முதலில் வாய் திறந்து சொன்னவள் பங்கஜவல்லிதான். சொன்னதும் தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உன் பல்லுக்கு என்னடி ஆச்சு?" என்றாள் ஒருத்தி. பிறகு அவள் சுட்டுக் கொடுத்ததை ஆளுக்கொன்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, வடை!" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்து போனார்கள். அதோடு அதற்குக் குவைத்து வடை என்று பேர் விழுந்துவிட்டது.

வடை இல்லை என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். வெள்ளைக் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப் போட வேண்டும். வேகவைக்கக் கூடாது. வேகவைத்தால் எண்ணெயில் போட்டதும் கரைந்து காணாமல் போகும். ஊறினதை நீர் வடித்து, வெங்காயம், பூண்டு, ஒரு கட்டு கொத்தமல்லித் தழை, சீரகம் சேர்த்துக் கொரகொரவென்று அரைக்க வேண்டும். குவைத்தில் வேறொரு தழை போடுவார்கள், காரைக்கால் மார்க்கெட்டில் அதற்கு யாரைக் கேட்பது? தடவிக்கொள்கிற ஹம்முஸுக்கு மட்டும் கடலையைக் குழைய வேகவைத்து, தோலை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, வறுத்த எள் விழுதும் எலுமிச்சையும் விட்டு வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். மைதாவைப் புளிக்க வைத்துத் தோசைக்கல்லில் சுட்டால் குப்பூஸ் பந்தாக உப்பும். அதைப் பிளந்து, உள்ளே ஹம்முஸைத் தடவி, வடையை நசுக்கி வைத்து, தக்காளி, வெள்ளரிப் பிஞ்சு அடுக்கிச் சுருட்டிக் கொடுத்தால், குவைத்தில் பதர் என்கிற பையன் ஒன்றுக்கு இரண்டாகத் தின்பான். காரைக்காலில் பீர் மைதீன் பேக்கரியில் போய் ஈஸ்ட் கேட்டபோது அவர் மட்டும்தான், "குப்பூஸுக்கா தங்கச்சி?" என்று சரியாகக் கேட்டார். அவர் மகனும் குவைத்தில்தான் இருந்தான்.

ஊர்க்காரர்களுக்காக அவள் இத்தனை பாடு படவில்லை. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். பேர் நந்தினி, ஆறு வயசு. அந்தப் பிள்ளை தன் வீட்டுக்கு வர வேண்டும், வந்தால் தங்க வேண்டும். பங்கஜவல்லிக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

சுனாமி வந்த அன்று கடலுக்குப் போயிருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கரையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் நாகராஜ் போய்விட்டான். அவன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவன் அக்காள் மகனும் போய்விட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் தாயும் மகளும் தப்பினார்கள். கொஞ்ச நாளில் குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. "பிள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று சொன்னவள் நாகராஜின் அக்காள் குஞ்சம்மாதான். ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அந்த ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்த பிறகுதான் அடுப்புப் பற்ற வைத்தாள். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போன பங்கஜவல்லி நாலு வருஷம் கழித்து வந்தாள். வேலை பார்த்த வீட்டில் அவளை விடவில்லை. அந்த வீட்டுப் பையன் பதருக்கு அவள் ஊட்டினால்தான் சோறு இறங்கும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் போன் போடுவாள். "அம்மா, குவைத்தம்மா பேசுது" என்று பிள்ளை குரல் கேட்கும். அந்த 'அம்மா' குஞ்சம்மா. இவள் குவைத்தம்மா. போனில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரித்துக்கொள்வாள். ஊருக்கு வந்து நேரில் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

வந்த அன்று பிள்ளை குஞ்சம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சாக்லேட் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. பேசுகிற பொம்மை கொடுத்தாள். பொம்மை அரபியில் பேசியது, பிள்ளை அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது. மீன் குழம்பு வைத்துக் கூப்பிட்டாள். ஒரு வாய் தின்றுவிட்டு, "எங்கம்மா வெக்கிற மாதிரி இல்ல" என்றது. அதில் தப்பில்லை. குஞ்சம்மாவின் மீன் குழம்புக்கு அந்தக் குடியிருப்பில் போட்டி கிடையாது. பங்கஜவல்லி நாலு வருஷமாக மீனே ஆய்ந்ததில்லை, எல்லாம் சுத்தம் செய்து பனிக்கட்டியில் வைத்ததுதான். பதர் ரொட்டியின் ஓரத்தைத் தின்ன மாட்டான், தக்காளியில் விதை இருக்கக் கூடாது, தூங்குமுன் பாலில் ஏலக்காய் வேண்டும். அதெல்லாம் அவளுக்கு அத்துபடி. தன் பிள்ளைக்குக் காரம் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டால் தெரியாது. அந்த நினைப்பு வந்தபோது அவள் குழம்புச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

சுனாமி வீடு ஒன்று நாகராஜ் பேரில் கிடைத்துப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து சுத்தம் பண்ணிக் குடியேறிக்கொண்டு, பிள்ளையைக் கேட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் குஞ்சம்மா வீடு. கேட்டபோது குஞ்சம்மா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அரிவாள்மனை மட்டும் சரக் சரக்கென்று போய்க்கொண்டே இருந்தது. அவள் புருஷன் அமிர்தலிங்கம்தான் பேசினார். மீன்பிடித் தடைக்காலம், மனுஷன் வீட்டோடு இருந்தார்.

"கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போவ அது என்ன ஆட்டுக்குட்டியா? திருவிழா முடியட்டும். பள்ளிக்கூடமும் லீவு விட்டுரும். அது எங்க இருக்கேங்குதோ அங்க இருந்துட்டுப் போவுது. ரெண்டு பேரும் அதுக்கப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

நியாயமான பேச்சுதான். ஆனால் போட்டியில் ஒருத்தி நாலு வருஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பங்கஜவல்லிக்கு ஃபலாஃபல் ஞாபகம் வந்தது. மீன் குழம்பில் அண்ணி குஞ்சம்மாவை ஜெயிக்க முடியாது. அண்ணிக்குத் தெரியாத ஒன்றைச் செய்ய வேண்டும். கடலை ஊறப் போட்டாள்.

நந்தினி முதல் கடியில் முகத்தைச் சுளித்தாள், இரண்டாவது கடியில் யோசித்தாள், அப்புறம் பேசாமல் முழுசையும் தின்று விரலை நக்கினாள். "உள்ள பச்சையா இருக்கு" என்றாள். "கொத்தமல்லிம்மா" என்றாள் இவள். "நாளைக்கும் சுடுவியா?" என்றது பிள்ளை. பங்கஜவல்லிக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஸ்கூல் விட்டதும் பையோடு நேராக இங்கே. அரைத்த சாந்தை உருண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டது. கையெல்லாம் அப்பிக்கொண்டு ஒருநாள் கேட்டது.

"இத நீ அங்க யாருக்குச் சுட்டுக் குடுத்த?"

"ஒரு பையன் இருந்தான். பதர்னு."

"அவன் ஒன்னைய அம்மாம்பானா?"

"இல்ல. பங்கஜ்ம்பான்."

"நான் வந்தா நீ அவன வெச்சிருந்த மாரி வெச்சிருப்பியா?"

பங்கஜவல்லி வேகமாகத் தலையை ஆட்டினாள். வரும் என்று நம்பிவிட்டாள். நம்பிக்கை வந்த இடத்தில் பயமும் வந்தது. ஒருநாள் வரத் தாமதமானால்கூட வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடிகிறவரை அந்த ஊரில் தாளிக்கக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. கருவாடு சுடக் கூடாது. ஊருக்குள் அம்மன் நடமாடுகிறாள், காய்கிற எண்ணெய் அவள் மேலே படும், கோபம் வந்தால் பிள்ளைகள் உடம்பில் முத்தாக இறங்கிவிடுவாள் என்று பேச்சு. டீக்கடையில் பஜ்ஜிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு பருப்பும் தயிருமாகப் பொழுது ஓடும். பங்கஜவல்லிக்கு இது தெரியாமல் இல்லை. அவளும் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள்தான்.

காப்புக்கு மறுநாள் பிள்ளை வந்தபோது, வடை இல்லாமல் வெறும் குப்பூஸில் ஹம்முஸைத் தடவிக் கொடுத்தாள். வெந்த கடலைதானே, அதில் குற்றமில்லை. நந்தினி ஓரத்தில் கொஞ்சம் நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"வடை?"

"காப்புக் கட்டியிருக்குல்ல. தீமிதி முடிஞ்சதும் சுட்டுத் தர்றேன்."

"அப்ப நான் தீமிதி முடிஞ்சதும் வர்றேன்."

சாதாரணமாகத்தான் சொல்லிற்று. கோபமில்லை, அழுகையில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தது. பங்கஜவல்லி அந்த முதுகைப் பார்த்தாள். திருவிழா பூராவும் பிள்ளை குஞ்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகும், ராட்டினம் சுற்றும், பொம்மை வாங்கும். முடிந்த கையோடு அமிர்தலிங்கம் கேட்பார், எங்கேம்மா இருக்கப் போறே என்று. அது என்ன பதில் சொல்லும் என்று இவளுக்குத் தெரியாதா?

மனசு அப்போது ஒரு கணக்குப் போட்டது. குறுக்குப் புத்தி என்றால் குறுக்குப் புத்திதான். கூடாது என்பது தாளிப்பைத்தானே? இதில் கடுகு வெடிக்கவில்லை, கறிவேப்பிலை பொரியவில்லை. ஊரில் யாருக்கும் இதன் பேர்கூட வாயில் நுழையவில்லை. மாரியம்மன் குவைத்துக்கா போயிருக்கிறாள், இது என்ன பலகாரம் என்று கண்டுபிடிக்க? கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சமாக எண்ணெய் விட்டு, சின்ன வாணலியில் நாலே நாலு. கடவுளை ஏமாற்ற நினைக்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சமாகத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஹம்முஸுக்கென்று ஊறப் போட்டதில் ஒரு கை மிச்சமிருந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தெருக்கோடியில் பிடித்துக் கூட்டிவந்தாள். ஜன்னலை அடைத்தாள், கதவிடுக்கில் பழம்புடவையைத் திணித்தாள். எண்ணெய் காய்ந்து, உருண்டை உள்ளே விழுந்து சொய்யென்றபோது அவள் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு சந்தோஷமாகத் தின்றது. தின்று முடித்ததும் பங்கஜவல்லி அதன் வாயைத் துடைத்துவிட்டு, முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா இங்க விட மாட்டாங்க. சத்தியம் பண்ணு."

நந்தினி அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். பெற்ற மகள் அவளைத் தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சேதி வந்தது. நந்தினிக்கு அம்மை போட்டிருக்கிறது.

பங்கஜவல்லி ஓடினாள். குஞ்சம்மா வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே வேப்பிலைப் படுக்கையில் பிள்ளை கிடந்தது. முகம், கழுத்து, வயிறு எங்கும் முத்துமுத்தாக நீர்கோத்து நின்றது. குஞ்சம்மா ஈரப்புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துக் கையைக் காட்டி, அங்கேயே நில் என்றாள். "குளிச்சிட்டு வந்தியா? குளிச்சிட்டு வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பங்கஜவல்லி குளித்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து பார்த்த பிள்ளை இவளைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. சத்தியத்தைக் காப்பாற்றுகிறது என்று இவளுக்குப் புரிந்தது. அந்த உதட்டைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து பார்த்தாள். தடவ மருந்து கொடுத்தாள். "இது ஸ்கூல்ல நெறைய பிள்ளைங்களுக்கு இருக்கு. கிருமி உள்ள போயி ரெண்டு வாரம் இருக்கும், இப்பத்தான் வெளிய தெரியுது" என்றாள். இதே பேச்சைக் குவைத்தில் டாக்டர் சொல்லிப் பங்கஜவல்லி கேட்டிருக்கிறாள். பதருக்கு அம்மை போட்டபோது ராப்பகலாகப் பார்த்தவள் அவள்தான். ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஊரில் காப்பே கட்டவில்லை என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன? சொய்யென்ற அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. நர்ஸ் சொன்னதை மூளை கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை.

குஞ்சம்மா நர்ஸ் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. அவள் தன் குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"காப்புக் கட்டுன அன்னைக்குச் சாயங்காலம் வீட்ல ரெண்டு கருவாடு கெடந்துச்சு பங்கஜம். விடிஞ்சா ஆவாதேன்னு சுட்டுப்புட்டேன். காப்புக்கு மோளம் அடிக்கிறதுக்கு முன்னாடி சுட்டனா, அடிச்சப்புறம் சுட்டனா, ஒண்ணும் வெளங்கல. அடிச்சப்புறந்தான் சுட்டுருக்கேன். இல்லன்னா ஏன் என் வீட்ல வந்து எறங்கணும்? ஒருத்தனக் கடலுக்குக் குடுத்தேன். அடுத்தவ வயித்துல பொறந்ததயும் வாங்கி வெச்சிக்கிட்டு இப்ப..."

அழுதுகொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். பங்கஜவல்லி, "அதெல்லாம் இல்ல அண்ணி" என்றாள். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். சொன்னால் இந்த வீட்டு வாசற்படி மிதிக்க விட மாட்டார்கள், ஊரும் சும்மா விடாது, பிள்ளை போனது போனதுதான். அண்ணி அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும் என்று தன் மனசு சொன்னதை அவளே கேட்டாள். அப்படியொரு மனசு தனக்குள் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

குஞ்சம்மா அழுகையோடு நிற்கவில்லை. பச்சைத் தண்ணீர் தவிர வேறு தொடுவதில்லை என்று விரதம் இருந்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். அமிர்தலிங்கம் இதைக் கேட்டுத் திண்டாடிப் போனார். பங்கஜவல்லியை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அவளுக்குச் சக்கர வியாதி இருக்குல்ல, ஒனக்குத் தெரியாது. நீ போனப்புறம் வந்துச்சு. குதிகால்ல மீன் முள்ளு குத்தி, ஆறு மாசமா ஆறாத புண்ணு. செருப்பு இல்லாம ஒரு அடி வெக்காதன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இவ நெருப்புல எறங்கப் போறாளாம். சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ சொல்லிப் பாரும்மா. கால எடுக்கிற மாரி ஆயிடும்."

பங்கஜவல்லி உள்ளே வந்து பார்த்தாள். குஞ்சம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. குதிகாலில் துணி சுற்றியிருந்தது, துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது. அந்தக் காலோடுதான் தினமும் மூன்று வேளை கோயில் குளத்தில் முங்கி எழுந்து ஈரத்தோடு நடந்து வருகிறாள். எழுந்திருக்கப் பார்த்து, தலை சுற்றி மறுபடி உட்கார்ந்தாள். பிள்ளைக்கு அன்றைக்குச் சுரம் இறங்கியிருந்தது. முத்துகள் வாடத் தொடங்கியிருந்தன. கண்ணைக் கொட்டாமல் இருவரையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"நாளைக்குத் தீமிதிக்குக் கையில காப்புக் கட்டிக்கப் போறேன்" என்றாள் குஞ்சம்மா. "கை குடு, தூக்கிவிடு."

பங்கஜவல்லி கையைக் கொடுக்கவில்லை. அப்படியே எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, கருவாடு இல்ல. நான்தான்."

"என்ன நான்தான்?"

"காப்புக்கு மறுநாள் எண்ணெய்ச் சட்டி வெச்சேன். நந்தினிக்கு அந்த வடையச் சுட்டுக் குடுத்தேன். கதவச் சாத்திக்கிட்டுச் சுட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. நீங்க நெருப்பு மிதிக்காதீங்க. சாப்புடுங்க."

விளங்கியதும் குஞ்சம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதவச் சாத்திக்கிட்டா" என்றாள். "அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

"ஆமா."

"இவ்ளோ நாளா நான் தலையில அடிச்சிக்கிட்டு அழுவுறத மூலையில ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"ஆமாண்ணி."

"பெத்த வயிறாடி அது? எந்திரி. எந்திரிச்சு வெளிய போ. இனிமே இந்தப் பக்கம் ஒன் நெழல்..."

"அம்மா" என்று படுக்கையிலிருந்து நந்தினி கூப்பிட்டது. கூப்பிட்டது குஞ்சம்மாவை. இருவரும் திரும்பினார்கள். பிள்ளை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தது. வேப்பிலை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"குவைத்தம்மா சுட மாட்டேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் அழுதேன். உருண்டு பொரண்டு அழுதேன்."

"நீ படு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான்தான் கதவச் சாத்தச் சொன்னேன். சன்னலயும் நான்தான் சாத்துனேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் நான்தான் சொன்னேன். அது சொல்லணும்னுதான் சொல்லுச்சு. நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

பங்கஜவல்லி வீட்டு ஜன்னல் கதவு ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டாது. உருண்டு புரண்டு அழுகிற பிள்ளையும் அது இல்லை, சின்ன வயசிலிருந்தே வேண்டாம் என்றால் பேசாமல் போய்விடுகிற சுபாவம். வளர்த்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா? குஞ்சம்மா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைத்த பென்சிலிலிருந்து ஒளித்த மிட்டாய் வரைக்கும் கேட்பதற்கு முன்பே வந்து சொல்லிவிடுகிற பிள்ளை. அவளிடம் அது சொன்ன முதல் பொய் இது. அதையும் கண்ணைப் பார்த்து, மூச்சு வாங்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்காகச் சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமிர்தலிங்கம் திருவிழா முடிந்து கேட்பதாக இருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. குஞ்சம்மாவின் முகத்தில் அது இறங்குவதைப் பங்கஜவல்லி பார்த்தாள். கோபம் போய்விட்டது, கோபத்தோடு இன்னும் என்னென்னவோ போய்விட்டது. மகன் போன அன்று கரையில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

"சரி, சரி. நீ படுத்துக்க" என்று பிள்ளையிடம் சொன்னாள். "அம்மா திட்டல. படுத்துக்க."

வேப்பிலையைச் சரிபண்ணிப் படுக்க வைத்தாள். முதுகில் ஒட்டினதை ஒவ்வொன்றாக எடுத்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு பங்கஜவல்லி பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்கு நீ போயிக் காப்புக் கட்டிக்க. பெத்தவ நேந்துக்கிட்டாத்தான் ஆத்தா ஏத்துக்குவா."

"அண்ணி..."

"நெருப்புல ஓடாத. பதறி ஓடுறவங்களுக்குத்தான் காலு வேவும். நெதானமா நட." பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துன பொறவு கூட்டிட்டுப் போ. சட்டைய எல்லாம் எடுத்து வெக்கிறேன். தூக்கத்துல தண்ணி தண்ணிம்பா. எந்திரிச்சிக் குடுத்தா குடிக்க மாட்டா. தாகம் இல்ல அது. கையப் பிடிச்சிக்கிட்டாப் போதும், தூங்கிருவா. சிக்கு விழுந்த தலைமுடிய இழுத்துச் சீவாத, அழ மாட்டா, வலிக்கும். அப்புறம்..."

இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். வாய் கோணிக்கொண்டு போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தப் புண் காலை இழுத்து இழுத்துக் கொல்லைப் பக்கம் போனாள். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது.

பங்கஜவல்லி அடுப்படிக்குப் போய்க் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குவைத்திலிருந்து விமானம் ஏறின நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. கையில் சொம்போடு கொல்லை வாசலில் நின்றாள். கிணற்றுச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த குஞ்சம்மாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி என்று கூப்பிட வேண்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து குடிக்க வைக்க வேண்டும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறத்தியார் வீட்டில் புகுந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தவள் மாதிரி, அந்த வாசலைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து நந்தினி கேட்டாள்.

"அம்மா குடிச்சிச்சா?"

"இந்தா, குடிக்கப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டு, பங்கஜவல்லி கொல்லையில் இறங்கினாள்.